காடும் ஃபாரஸ்ட்டும்

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் ஷிப்ட் மாறும் நேரத்தில் டீக்கடை நிரம்பிவிடும். அங்கே ஒரு தம்பி கேட்ட கேள்விதான் இந்தப் பத்தி. ஐ.டி.ஐ. முடித்து ஒப்பந்தத் தொழிலாளியாக வேலை பார்ப்பவர். சொந்த ஊர் ஊத்துக்கோட்டைப் பக்கம். "எங்க ஊர்ல ஏரிக்கு மேல பொதர் மண்டிக் கெடக்குதுணா. நரி ஓடும், மயிலு கத்தும். அத ஃபாரஸ்ட் இல்லன்றாங்க. ரோட்டோரம் வரிசையா தைலமரம் நட்டு வெச்சிருக்காங்களே, அதுக்கு ஃபாரஸ்ட்னு போர்டு வெச்சிருக்கு. மரத்த வெச்சா, எடத்த வெச்சா, எத வெச்சுணா ஃபாரஸ்ட்னு சொல்றாங்க?"

மிகச் சரியான இடத்தில் விழுந்த கேள்வி. மரத்தை வைத்தும் இல்லை, மண்ணை வைத்தும் இல்லை. ஆளுகையை வைத்து. அந்தச் சொல் பிறந்த நாளிலிருந்தே அப்படித்தான். அதைச் சொல்ல 1,400 வருஷம் பின்னால் போக வேண்டும். டீ ஆறினால் இன்னொன்று சொல்லிக்கொள்ளலாம்.

முதலில் அந்தக் கடையில் நின்றவர்களையே பாருங்கள். ஆரம்பாக்கம், தடா பக்கத்திலிருந்து வரும் தெலுங்குக்காரர் 'அடவி' என்பார். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகள் 'ஜங்கல்' என்பார்கள். ஊர்க்காரர் 'காடு' என்பார். அரசாங்கப் பலகை 'வனத்துறை' என்கிறது. ஆனால் மாடு உள்ளே போய்விட்டது, விறகுக் கட்டைப் பிடித்துவிட்டார்கள் என்று பேச்சு வந்தால் எல்லாரும் ஒரே சொல்லுக்கு வந்துவிடுவார்கள்: ஃபாரஸ்ட். 'ஃபாரஸ்ட்காரர் வராரு' என்று சொல்லும்போது யாரும் மரத்தை நினைப்பதில்லை. காக்கிச் சட்டையை நினைக்கிறார்கள். பேச்சுவழக்கு அந்தச் சொல்லின் உள்ளர்த்தத்தைச் சரியாகப் பிடித்து வைத்திருக்கிறது.

ஐரோப்பாவுக்குப் போவோம். ஆங்கிலம், ஜெர்மன், டச்சு, ஸ்வீடிஷ் எல்லாம் ஒரு தாய் வயிற்று மொழிகள். ஜெர்மானிய மொழிக் குடும்பம் என்கிறார்கள். நமக்குத் தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் போல. இந்தக் குடும்பத்தில் காட்டுக்கு மூன்று பழைய சொற்கள் உண்டு. ஒன்று 'வுட்'. பழைய ஆங்கிலத்தில் அது 'வுடு'. அதற்கும் முன்னால் 'விடு'. பழைய நார்ஸ் மொழியில் 'வித்ர்', பழைய ஜெர்மனில் 'விட்டு'. மரம், மரக்கட்டை, மரங்கள் நிற்கும் இடம் எல்லாவற்றுக்கும் அது ஒன்றேதான். இந்த வேர் ஜெர்மானிய மொழிகளோடு நிற்கவில்லை, ஐரிஷிலும் வெல்ஷிலும்கூட இதன் உறவுச் சொற்கள் இருக்கின்றன. அவ்வளவு பழையது.

இரண்டாவது 'வால்ட்'. ஜெர்மனில் இன்றும் காட்டுக்கு அதுதான் சொல். ஆங்கிலத்தில் இதே சொல் 'வீல்ட்', 'வோல்ட்' என்று இடப்பெயர்களில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. யார்க்ஷயர் வோல்ட்ஸ், காட்ஸ்வோல்ட்ஸ் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இன்று அங்கே போய்ப் பார்த்தால் திறந்த புல்மேடு, ஆடு மேய்கிற மலைச்சரிவு. மரம் போய்விட்டது, பெயர் போகவில்லை. திருவள்ளூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இது புதிதல்ல. திருவேற்காட்டில் இன்று எத்தனை வேலமரத்தைப் பார்க்க முடியும்?

மூன்றாவது 'புஸ்க்'. ஆங்கிலத்தில் 'புஷ்' என்று புதரைக் குறிக்கிறது. இது ஒரு வேடிக்கையான பயணம் போன சொல். ஜெர்மானியர்களிடமிருந்து லத்தீன் வழி மொழிகளுக்குள் நுழைந்து, பிரெஞ்சில் 'புவா', ஸ்பானிஷில் 'போஸ்கே', இத்தாலியனில் 'போஸ்கோ' ஆனது. நம் ஊரில் டான் போஸ்கோ பள்ளிகள் இருக்கின்றனவே, அந்தப் பாதிரியாரின் குடும்பப் பெயருக்குக் காடு என்று பொருள். இத்தாலியர் பெயர், ஜெர்மானிய வேர், சென்னையில் பள்ளிக்கூடம். சொற்கள் இப்படித்தான் ஊர் ஊராகப் போகும்.

இந்த மூன்று சொற்களிலும் யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. மரம் நின்றால் வுட், புதர் நின்றால் புஷ்.

'ஃபாரஸ்ட்' வேறு வகை. அது எழுத்தில் முதன்முதலாகத் தலைகாட்டுவது 7-ஆம் நூற்றாண்டில், பிராங்குகள் என்ற ஜெர்மானிய இனத்து அரசர்களின் சாசனங்களில். இன்றைய பெல்ஜியத்தில் ஸ்டாவ்லோ, மால்மெடி என்று இரண்டு மடங்கள். ஏறத்தாழ 648-ஆம் ஆண்டில் மூன்றாம் சிகிபெர்ட் என்ற அரசன் அவற்றுக்கு நிலம் விட்டுக்கொடுத்த சாசனத்தில், ஆர்டென் பகுதியை 'நம்முடைய ஃபாரஸ்டிஸ்' என்று குறிப்பிடுகிறான். கவனியுங்கள், 'நம்முடைய'. அரசன் தனக்கென்று ஒதுக்கிக்கொண்ட நிலம் அது. அவன் அனுமதி இல்லாமல் அங்கே வேட்டையாட முடியாது, மரம் வெட்ட முடியாது.

சரி, அந்தச் சொல் எங்கிருந்து வந்தது? இதில் அறிஞர்களிடையே இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி, 'வெளியே' என்று பொருள்படும் 'ஃபோரிஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்கிறது. ஊரின் பொது உரிமைக்கு வெளியே வைக்கப்பட்ட நிலம் என்று அர்த்தம். ஆங்கிலத்தில் 'ஃபாரின்' என்கிறோமே, அதுவும் இந்த வேர்தான். இன்னொரு கட்சி, இது அசல் ஜெர்மானியச் சொல் என்கிறது. பைன் மரத்துக்குப் பழைய ஜெர்மனில் 'ஃபோரஹா'; இன்றும் 'ஃபோரெ' என்பார்கள். பைன் மரக் கூட்டம் என்ற பொருளில் பிராங்குகள் வீட்டில் பேசிய சொல்லை, எழுத்தர்கள் லத்தீன் உருவம் கொடுத்துச் சாசனத்தில் ஏற்றிவிட்டார்கள் என்பது இவர்கள் வாதம். பிராங்குகள் பேசியது ஜெர்மானிய மொழி, எழுதியது லத்தீன் என்பதால் இரண்டு வாதத்துக்கும் இடம் இருக்கிறது.

எனக்கு இரண்டாவது வாதம் பிடிக்கும். பேசுகிறவனின் சொல்லை எழுதுகிறவன் எடுத்துக்கொண்டு பொருளை மாற்றுவது எல்லா நாட்டிலும் நடப்பதுதான். ஆனாலும் நம் தம்பியின் கேள்விக்கு எந்தக் கட்சி ஜெயித்தாலும் ஒன்றுதான். பிறப்பு பைன் மரத்தில் இருந்தாலும் வாசலுக்கு வெளியே இருந்தாலும், எழுத்தில் ஏறிய முதல் நாளே அது சட்டச் சொல்லாக ஏறியது.

1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபோது இந்தச் சொல்லும் பிரெஞ்சு வழியாக அங்கே போய்ச் சேர்ந்தது. முதலாம் வில்லியம் ஏறத்தாழ 1079-இல் தெற்கு இங்கிலாந்தில் தன் வேட்டைக்காக ஒரு பெரும் பரப்பை ஒதுக்கினான். 'நியூ ஃபாரஸ்ட்' என்று இன்றும் பெயர். 'புதுக் காடு' என்றால் புதிதாக மரம் நட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். புதிதாகச் சட்டம் போட்டார்கள். அதற்குள் புல்வெளி இருந்தது, சதுப்பு இருந்தது, ஊர்களும் இருந்தன. டார்ட்மூர், எக்ஸ்மூர் போன்ற மரமே அரிதான மேட்டு நிலங்கள்கூட அரசனின் ஃபாரஸ்ட் ஆயின. ஒரு நிலத்தை ஃபாரஸ்ட் சட்டத்துக்குள் கொண்டுவருவதற்கு 'அஃபாரஸ்ட்' செய்வது என்று பெயர். அதற்குக் கடப்பாரையும் வேண்டாம், நாற்றும் வேண்டாம், அரசாணை போதும்.

மக்கள் சும்மா இருந்தார்களா? இல்லை. 1217-இல் சிறுவனாக இருந்த மூன்றாம் ஹென்றியின் பெயரில் 'ஃபாரஸ்ட் சாசனம்' வந்தது. மாக்னா கார்ட்டாவைப் பற்றி எல்லாரும் படித்திருப்பார்கள், இதைப் பற்றிப் பள்ளிப் புத்தகம் சொல்லாது. ஆனால் விறகு பொறுக்குகிறவனுக்கும் பன்றி மேய்க்கிறவனுக்கும் உரிமையை எழுத்தில் கொடுத்தது இதுதான். 1971 வரை அது இங்கிலாந்துச் சட்டப் புத்தகத்தில் இருந்தது. 750 வருஷத்துக்கும் மேல்! அரசன் மேய்ச்சலைத் தடுக்க ஒரு சொல் கொண்டுவந்தால், மக்கள் அதே சொல்லைத் தலைப்பாக வைத்து உரிமையை வாங்கியிருக்கிறார்கள்.

இங்கே ஒரு கேள்வி எழும். நம் அரசர்கள் அப்படிச் செய்யவில்லையா? செய்தார்கள். சங்கப் பாடல்களில் வரும் 'மிளை' என்பது கோட்டையைச் சுற்றி அரசன் காவல் வைத்து வளர்த்த காடு. காவற்காடு என்று உரைகாரர்கள் சொல்வார்கள். திருக்குறள் அரண் அதிகாரத்தில் நீர், நிலம், மலையோடு காட்டையும் அரணின் உறுப்பாகச் சேர்க்கிறது. பகை அரசனின் காவல் மரத்தை வெட்டி வீழ்த்துவது வெற்றிக்கு அடையாளம். ஆகவே தமிழனுக்கு ஒதுக்கிய காடு தெரியாது என்று சொல்வது சரியில்லை. ஆனால் தமிழ் அந்தக் காட்டுக்குத் தனிச் சொல் வைத்தது: மிளை. பொதுவான காட்டின் பெயரைக் காவற்காட்டுக்கு எழுதிக் கொடுத்துவிடவில்லை. ஐரோப்பாவில் அரசனின் தனிக்காட்டுக்கு வைத்த சொல், போகப்போக எல்லாக் காட்டுக்கும் பொதுப்பெயர் ஆகிவிட்டது. இன்று அமேசானும் ஃபாரஸ்ட்தான், ரோட்டோரத் தைலமரமும் ஃபாரஸ்ட்தான்.

காடு என்ற நம் சொல்லை இப்போது எடுத்துக்கொள்வோம். இதற்குத் திருவள்ளூர் மாவட்டத்தைவிட நல்ல இடம் கிடையாது. ஊர்ப்பெயர் பலகைகளைப் படித்துக்கொண்டே போனால் போதும்.

திருவாலங்காடு. ஆலமரக் காடு. கோயிலில் இருக்கும் சுவாமிக்கு வடாரண்யேசுவரர் என்று பெயர். வடம் என்றால் ஆல், ஆரண்யம் என்றால் காடு. தமிழ்ப் பெயரை வடமொழியில் அப்படியே போட்டிருக்கிறார்கள். ராஜேந்திர சோழனின் புகழ்பெற்ற செப்பேடுகள் கிடைத்தது இந்த ஊரில். காரைக்கால் அம்மையார் பதிகம் பாடியதும் இந்தக் காட்டைத்தான். அம்மையார் காட்டும் ஆலங்காட்டில் அரசனும் இல்லை, வேட்டையும் இல்லை. பிணம் எரிகிறது, பேய் ஆடுகிறது, அதன் நடுவே இறைவன் ஆடுகிறான். சுற்றிலும் கள்ளி, எட்டி, காரை, சூரை. இந்தச் செடி மரங்களைப் பாருங்கள். சோழமண்டலக் கரையின் வறண்ட பசுமைமாறாப் புதர்க்காட்டில் இன்றும் நிற்பவை இவை. காரை முள்ளும் சூரை முள்ளும் காலில் ஏறாமல் இந்தப் பக்கத்தில் ஆடு மேய்த்தவர் கிடையாது. பக்திப் பாடல் என்று மட்டும் நினைத்துப் படிக்கிறோம். இந்த மாவட்டத்துத் தாவரங்களைப் பெயர் சொல்லிப் பதிந்துவைத்த முதல் ஆட்களில் ஒருவர் அம்மையார் என்று நான் நினைக்கிறேன்.

சுடலையைக் காடு என்பது நமக்கு இன்றும் பழக்கம். சுடுகாடு, இடுகாடு. எல்லை தாண்டித் தெலுங்குக்குப் போனால் இது இன்னும் தெளிவாகிறது. அங்கே மரக்காட்டுக்கு அடவி என்ற சொல் வந்து உட்கார்ந்துகொண்டது. 'காடு' என்ற பழைய சொல் சுடுகாட்டுக்கு மட்டும் மிஞ்சியது. கன்னடத்திலும் மலையாளத்திலும் அது காடாகவே இருக்கிறது. மேற்கே கொங்கு நாட்டுக்குப் போனால் 'காட்டுக்குப் போறேன்' என்பவர் சோளம் விதைத்த மானாவாரி நிலத்துக்குப் போகிறார். மழை கொட்டித் தெருவெல்லாம் நீர் நின்றால் வெள்ளக்காடு. எங்கே வீடும் நன்செய்யும் முடிகிறதோ, அதற்கு அப்பால் உள்ளதெல்லாம் காடு. மரம் அடர்ந்தும் இருக்கலாம், முள் படர்ந்தும் இருக்கலாம், விதைத்தும் இருக்கலாம், எரித்தும் இருக்கலாம்.

பழவேற்காட்டுக்கு வருவோம். ஏரியோரம் அலையாத்தி மரங்களின் வேர் பின்னிக் கிடப்பதால் 'வேர்க்காடு' என்று வந்தது என்று அங்கே பலர் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எழுத்தைப் பாருங்கள். வேர் என்ற சொல்லோடு காடு சேர்ந்தால் வேர்க்காடு என்றுதான் வரும். வேல் என்ற சொல்லோடு சேர்ந்தால் லகரம் றகரமாகி வேற்காடு. கல் தூண் கற்றூண் ஆவது போல. வல்லின றகரம் போட்டு எழுதும்வரை இலக்கணம் வேலமரத்தின் பக்கம்தான். இதே மாவட்டத்தில் உள்ள திருவேற்காட்டுக்கும் வெள்வேல மரம்தான் காரணம் சொல்லப்படுகிறது. அப்படியானால் பழவேற்காடு பழைய வேலங்காடு. இன்று அந்த மண்ணை ஆள்வது பழைய வேலம் இல்லை, அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த சீமைக் கருவேலம். வேலிகாத்தான் என்றால்தான் நம் பக்கத்தில் புரியும்.

இந்தப் பழவேற்காட்டில்தான் டச்சுக்காரர்கள் 1613-இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். அவர்கள் பேசியது ஜெர்மானிய மொழி. காட்டுக்கு அவர்கள் சொல் 'போஸ்', அல்லது 'வவுட்'. மேலே பார்த்த புஸ்க்கும் வால்ட்டும்தான். ஆனால் ஊரின் பெயரை அவர்கள் மொழிபெயர்க்கவில்லை. காதில் விழுந்தபடி 'பலியாகட்டா' என்று எழுதிக்கொண்டார்கள். ஆங்கிலேயர் வாயில் அது புலிகாட் ஆயிற்று. கடைசி 'காட்' நம்முடைய காடுதான். கொஞ்சம் தெற்கே எண்ணூர்ப் பக்கம் காட்டுப்பள்ளி இருக்கிறது. இப்போது அந்தப் பெயரைச் சொன்னால் துறைமுகமும் கன்டெய்னர் லாரியும்தான் நினைவுக்கு வரும்.

ஜங்கல் என்ற சொல்லையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். வடமொழியில் 'ஜாங்கலம்' என்றால் மான்கள் திரியும் வறண்ட, திறந்த நிலம். ஆயுர்வேத நூல்கள் அதைச் சதுப்பு நிலத்துக்கு எதிராக, உடம்புக்கு நல்ல நிலமாகச் சொல்கின்றன. இந்தி வழியாக ஆங்கிலத்துக்குப் போனபோது அது ஈரம் சொட்டும் அடர்காடாக மாறிவிட்டது.

ஃபாரஸ்ட் நம் ஊருக்குள் சட்டமாக வந்த கதைதான் முக்கியம். அதுவும் ஜெர்மானியர் வழியாகத்தான் வந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1864-இல் பிரிட்டிஷ் இந்தியா தன் முதல் வனத்துறைத் தலைமை அதிகாரியாக நியமித்தது டீட்ரிஷ் பிராண்டிஸ் என்பவரை. பான் நகரத்துத் தாவரவியலாளர். பர்மாவின் தேக்குக் காடுகளை நிர்வகித்துப் பெயர் வாங்கியவர். 1883 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். அவருக்குப் பின் வந்த ஷ்லிஷ், ரிப்பன்ட்ராப் இருவரும் ஜெர்மானியரே. ரயில் தண்டவாளத்துக்குக் கட்டையும் எஞ்சினுக்கு விறகும் தேவைப்பட்ட காலம். கணக்குப் போட்டு மரம் வளர்த்து, கணக்குப் போட்டு வெட்டும் கலை அன்று ஜெர்மனியில்தான் தேர்ந்திருந்தது. அந்த மொழியில் அதற்குச் சொல்லே தனி. வால்ட் என்றால் பொதுவாகக் காடு. 'ஃபோர்ஸ்ட்' என்றால் நிர்வாகத்துக்கு உட்பட்டு, திட்டமிட்டு வளர்க்கப்படும் காடு. ஜெர்மன் பேசுகிற ஒரு குழந்தைக்குக்கூட இந்த வேறுபாடு புரியும். தம்பி கேட்ட கேள்வியை ஜெர்மனில் கேட்டிருந்தால் பதில் கேள்விக்குள்ளேயே இருந்திருக்கும்: ஏரிக்கு மேலே உள்ளது வால்ட், ரோட்டோரத் தைலமரம் ஃபோர்ஸ்ட். ஆங்கிலம் வழியாக வந்ததால் இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுக் குழம்புகிறோம்.

ஃபாரஸ்ட்டைச் சட்டமாக்குவதைச் சென்னை மாகாணம் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை என்பதை நாம் பெருமையோடு சொல்லலாம். 1871-இல் சென்னை வருவாய் வாரியம் எழுதிய கருத்தின் சாரம் இது: இந்த மாகாணத்தில் ஏதாவது ஒரு கிராமத்தின் எல்லைக்குள் அடங்காத காடு என்று ஒன்று அரிது, அவற்றில் ஊராருக்கு நெடுங்கால உரிமை இருக்கிறது, அரசு சொத்துரிமை கொண்டாடியதாகத் தெரியவில்லை. வெள்ளைக்கார அதிகாரிகள் எழுதியதுதான், ஆனால் காடு என்ற தமிழ்ச் சொல்லின் பொருளைப் புரிந்துகொண்டு எழுதியது போல இருக்கிறது. 1878-இல் வந்த இந்திய வனச் சட்டம் அதனால் இங்கே செல்லவில்லை. பிராண்டிஸ் பிறகு சென்னை மாகாணத்துக்கே வந்து சுற்றினார். 1882-இல் மெட்ராஸ் வனச் சட்டம் வந்தது. பெயர் மாறி, தமிழ்நாடு வனச் சட்டமாக இன்றும் நடப்பில் இருக்கிறது.

அதில் ஒரு நிலம் எப்படி ஃபாரஸ்ட் ஆகிறது? 4-ஆம் பிரிவின்படி, இந்த எல்லைக்குட்பட்ட நிலத்தை ஒதுக்கப்போகிறோம் என்று அரசு அறிவிக்கும். வனத் தீர்வு அலுவலர் ஒருவர் வந்து, யாருக்கு என்ன உரிமை என்று விசாரிப்பார். வழிநடை உரிமை, மேய்ச்சல், தண்ணீர், விறகு எல்லாம் அப்போது எழுதி வாங்க வேண்டியவை. கேட்காதவருக்கு அந்த உரிமை போய்விடும். அதன் பிறகு 16-ஆம் பிரிவின்படி இறுதி அறிவிப்பு. அன்றிலிருந்து அது காப்புக்காடு. எல்லைக் கல் நட்டுவிடுவார்கள். உள்ளே வேலமரம் நிற்கலாம், தைலமரம் நிற்கலாம், வெறும் பாறையாகக்கூட இருக்கலாம். தம்பி, உங்கள் ஊர் ஏரிக்கு மேலே உள்ள புதருக்கு இந்தச் சடங்கு நடக்கவில்லை, அவ்வளவுதான். நரிக்கும் மயிலுக்கும் அறிவிப்பாணை கிடையாது.

அப்படியானால் அந்த நிலம் கணக்கில் என்னவாக இருக்கும்? அநேகமாகப் புறம்போக்கு. இந்தச் சொல்லைச் சொல்லும்போது எனக்கு மனசு துள்ளும். புறம் என்றால் வெளி. தீர்வை விதிக்கப்பட்ட பட்டா நிலத்துக்கு வெளியே விடப்பட்டது புறம்போக்கு. லத்தீன்காரர்களின் 'வெளியே' என்ற சொல்லிலிருந்து ஃபாரஸ்ட் பிறந்தது என்றால், நாம் அதே 'வெளியே'யிலிருந்து புறம்போக்கைப் பெற்றிருக்கிறோம். அங்கே வெளியே வைத்ததும் அது அரசனின் சொத்தாயிற்று. இங்கே வெளியே வைத்தது ஏரி, களம், மந்தை, மேய்க்கால், சுடுகாடு. ஊர் முழுக்கச் சேர்ந்து வாழ்வதற்கு வேண்டிய இடங்கள்.

இந்த வேறுபாட்டுக்குக் கும்மிடிப்பூண்டி வட்டத்திலேயே ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது: தேர்வாய்கண்டிகை. அங்கே ஏறத்தாழ 1,127 ஏக்கரில் சிப்காட் தொழிற்பூங்கா வந்தது. பிரெஞ்சு டயர் நிறுவனமான மிஷ்லினுடன் 2009-இல் தமிழ்நாடு அரசு ஒப்பந்தம் செய்துகொண்டது. ஊர் மக்களில் பெரும்பாலோர் தலித்துகள். அந்த நிலத்தை அவர்கள் காடு என்றார்கள். ஆடுமாடு மேய்த்தது அங்கே, விறகும் பழமும் மூலிகையும் எடுத்தது அங்கே, ஏரிகளுக்கு நீர் வடிந்தது அங்கிருந்து. அரசுக் கணக்கில் அது வனம் இல்லை, மேய்க்கால் புறம்போக்கு. பல வருஷம் போராட்டம் நடந்தது. 2012-இல் ஊர்ச் சங்கமும் நில உரிமை அமைப்பும் பிரெஞ்சு அமைப்புகளோடு சேர்ந்து பாரிஸ் வரை புகார் கொண்டுபோனார்கள். பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு (ஓ.இ.சி.டி.) பன்னாட்டு நிறுவனங்களுக்கு வகுத்த நெறிகளைக் கவனிக்கும் பிரெஞ்சு மையத்திடம். பிராங்க் அரசர்களின் சாசனத்தில் ஏறிய சொல் 'ஃபொரே' என்று பிரெஞ்சில் இன்றும் வழங்கும் நாட்டில் போய், எங்கள் ஃபொரே போய்விட்டது என்று தேர்வாய்கண்டிகைக்காரர்கள் முறையிட்டார்கள்.

தொழிற்சாலை வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. இந்த டீக்கடையே அதனால்தான் ஓடுகிறது. தம்பிக்குச் சம்பளமும் அதனால்தான். ஆனால் மேய்க்கால் என்றால் காடு இல்லை என்று ஒரு கணக்கு சொல்லும்போது, அது எந்த மொழியின் கணக்கு என்று கேட்கலாம். ஐந்திணையில் காட்டு நிலம் முல்லை. முல்லையில் வாழ்பவர் ஆயர். அவர்கள் தொழில் மேய்த்தல். தமிழ் இலக்கண மரபில் மேய்ச்சலும் காடும் ஒரே நிலம். பிரித்தால் முல்லைத் திணையே நிற்காது. மாடு நுழைந்தால் காடு கெட்டது என்ற எண்ணம் ஃபோர்ஸ்ட்டிலிருந்து வந்தது. தொழிற்பூங்கா வந்த அதே பக்கத்தில் கண்ணன்கோட்டை–தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம் 2020 நவம்பரில் திறக்கப்பட்டது. கொள்ளளவு 500 மில்லியன் கன அடி. சென்னைக்குக் குடிநீர் போகிறது. அந்தச் சுற்றுவட்ட மேட்டு நிலம் நீர் வடிந்து தேங்கும் நிலம் என்று மேய்க்கிறவர்கள் சொன்னதை, பிறகு பொறியாளர்களும் வேறு வகையில் பயன்படுத்திக்கொண்டார்கள்.

தம்பி அடுத்துக் கேட்டார்: "அப்போ கணக்குல இல்லன்னா காடே இல்லியா? கோர்ட்டு ஒண்ணும் சொல்லலியா?" சொல்லியிருக்கிறது. அதுவும் தமிழ்நாட்டுக் காட்டிலிருந்து தொடங்கிய வழக்கில். நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பக்கம் மரங்கள் வெட்டப்படுவதைப் பொறுக்காமல், நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என்.கோதவர்மன் திருமுல்பாடு 1995-இல் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 12-இல் நீதிபதிகள் ஜே.எஸ்.வர்மாவும் பி.என்.கிர்பாலும் ஓர் ஆணை பிறப்பித்தார்கள். 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்தில் 'ஃபாரஸ்ட்' என்று வரும் இடத்தில், அகராதி என்ன பொருள் சொல்கிறதோ அந்தப் பொருளில் புரிந்துகொள்ள வேண்டும். யாருக்குச் சொந்தம், அறிவிக்கப்பட்டதா இல்லையா என்று பார்க்கக் கூடாது. அரசுப் பதிவில் காடு என்று இருந்தாலும் அதுவும் சேரும். மத்திய அரசின் முன் அனுமதி இல்லாமல் அங்கே வேறு வேலை நடக்கக் கூடாது.

1,300 வருஷத்துக்கும் மேலாக மரத்தை விட்டு விலகியே இருந்த ஒரு சொல்லைப் பிடித்து, மறுபடி மரத்திடம் திரும்பிப் போ என்று சொன்ன ஆணை அது. ஒரு சொல்லின் வரலாற்றில் இவ்வளவு பெரிய திருப்பம் வேறு எந்த நாட்டு நீதிமன்றத்திலாவது நடந்திருக்குமா என்று எனக்கு வியப்பாகவே இருக்கிறது. அதில் எனக்கு ஒரு குறையும் உண்டு. நீதிமன்றம் மனதில் வைத்தது ஆங்கில அகராதி. அதில் பார்த்தால் உயர்ந்த மரம் அடர்ந்த இடம்தான் முதலில் வரும். காரைக்கால் அம்மையாரின் காரையும் சூரையும் நிற்கும் புதர்க்காடு, புல்லும் முள்ளும் கலந்த மேய்க்கால், இவை அந்த அளவுக்குள் எளிதில் வராது. மாநிலங்கள் நிபுணர் குழு வைத்து இப்படிப்பட்ட நிலங்களை அடையாளம் காண வேண்டும் என்றும் ஆணை சொன்னது. அந்தக் குழுவின் மேசையில் சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்சிகனையும் ஒரு பிரதி வைக்க வேண்டும் என்பது என் ஆசை.

2023-இல் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தைத் திருத்தியது. காடாக அறிவிக்கப்பட்ட நிலத்துக்கும், 1980 அக்டோபர் 25-இல் அல்லது அதற்குப் பிறகு அரசுப் பதிவில் காடு என்று இருக்கும் நிலத்துக்கும் மட்டுமே சட்டம் செல்லும் என்றது. அதாவது சிகிபெர்ட் காலத்துப் பொருளுக்கே மறுபடி. அதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 2024 பிப்ரவரி 19-இல் உச்ச நீதிமன்றம், மாநிலங்கள் அடையாளம் காணும் வேலையை முடிக்கும்வரை 1996-இன் அகராதிப் பொருளையே பின்பற்ற வேண்டும் என்று இடைக்கால ஆணை போட்டது.

நம் பக்கத்து இருளர் குடும்பங்களுக்கு இந்த வாதமெல்லாம் ஏட்டு விஷயம் இல்லை. காப்புக்காட்டிலிருந்தும் புறம்போக்கிலிருந்தும் மாறி மாறி வெளியேற்றப்பட்டவர்கள் அவர்கள். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அவர்களுக்குக் கொஞ்சம் வழி விட்டிருக்கிறது. அதில் வன நிலம் என்பதற்கு விரிந்த விளக்கம் இருக்கிறது: வகைப்படுத்தாத காடு, எல்லை குறிக்காத காடு, காடாகக் கருதப்படும் நிலம் எல்லாம் சேரும். உரிமை கேட்டு மனு போடும் வேலை கிராம சபையில் தொடங்குகிறது. 1882 சட்டத்தில் விசாரிக்க வந்தவர் அரசு அலுவலர். இதில் முதலில் விசாரிப்பது ஊர்.

தம்பியிடம் நான் சொன்னது இதுதான். கிராம நிர்வாக அலுவலரிடம் போய் உங்கள் ஊர் 'அ' பதிவேட்டில் ஏரிக்கு மேலே உள்ள சர்வே எண்ணுக்கு என்ன வகைப்பாடு போட்டிருக்கிறது என்று பாருங்கள். மேய்க்கால், தரிசு, கல்லாங்குத்து, எதுவாக இருந்தாலும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த கிராம சபையில், அங்கே நிற்கும் மரம் செடிகளையும் வந்துபோகும் விலங்குகளையும் ஊரார் எடுக்கும் பொருள்களையும் எழுதி, இது எங்கள் காடு என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள். தீர்மானத்தில் தாவரங்களின் பெயரை உங்கள் ஊரில் சொல்கிறபடியே எழுதுங்கள். "பாட்டிக்குத்தான்ணா எல்லாப் பேரும் தெரியும்" என்றார். அப்படியானால் பாட்டியையும் கிராம சபைக்கு அழைத்துப் போங்கள் என்றேன்.